இரண்டு பூஜ்யம்

திருவண்ணாமலையில் குடியிருப்பவனுக்கு உஷ்ணத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சபூதத் தலங்களில் எங்கள் ஊருக்கு வாய்த்தது நெருப்பு. கத்திரி வந்துவிட்டால், பகல் பன்னிரண்டு மணிக்குச் சன்னதித் தெருவில் செருப்பில்லாமல் நிற்பவன் மகா பக்தனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோயில் வாசலில் செருப்பைப் பறிகொடுத்தவனாக இருக்க வேண்டும். மலையைப் பற்றியே ஓர் ஐதீகம் உண்டு. கிருத யுகத்தில் அது நெருப்பு மலையாக இருந்ததாம்; திரேதா யுகத்தில் மாணிக்க மலை; துவாபரத்தில் பொன் மலை; இந்தக் கலியுகத்தில் கல் மலை. உள்ளே இருப்பது நெருப்புதான், தொட்டால் மட்டும் சுடாது என்பார்கள் பெரியவர்கள்.

தொட்டால் சுடாத நெருப்பு ஒன்று என் எழுத்து மேஜைக்குக் கீழேயும் இருந்தது. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்காதவன். யந்திரங்களுக்கும் எனக்கும் உள்ள உறவு, தூரத்துச் சொந்தக்காரர்களுக்குள் இருக்குமே, அந்த மாதிரி மரியாதையான உறவு. என் கம்ப்யூட்டர் ஏதோ ஓர் ஆபீஸில் பல வருஷம் உழைத்து, ஓய்வு பெற்று, இரண்டாம் கையாக என்னிடம் வந்து சேர்ந்தது. வயசான யந்திரத்துக்குப் பத்தியச் சாப்பாடு மாதிரி லினக்ஸ்தான் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லி அதைப் போட்டுக் கொடுத்தார்கள். லினக்ஸ் நம் ஊருக்குப் புதிதும் அல்ல. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற பெயரில் ஒரு லினக்ஸையே தயாரித்திருக்கிறது. 2012 ஜனவரியிலிருந்து 'கணியம்' என்று ஒரு மின்னிதழ் லினக்ஸ் சமாசாரங்களையெல்லாம் தமிழிலேயே எழுதி வந்திருக்கிறது. ஆகவே, எனக்கு இங்கிலீஷ் போதாது என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

கத்திரி தொடங்கிய நாலாம் நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு, தொடர்கதையின் கதாநாயகி ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருக்கும்போது, கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. மின்சாரம் போகவில்லை; தலைக்கு மேலே விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மறுநாளும் அதே நேரத்துக்கு அதே கதி. மூன்றாம் நாள் இரண்டு தடவை.

"ஏங்க, அதுக்கும் ஒரு டம்ளர் மோர் குடுத்துப் பாருங்களேன்" என்றாள் என் மனைவி. அவள் விளையாட்டாகச் சொன்னாலும் வைத்தியம் சரியான திக்கில்தான் இருந்தது. அது பிற்பாடு தெரிந்தது.

பக்கத்துத் தெருவில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். கெட்டிக்காரப் பையன். கல்யாணப் பத்திரிகையில் பெண் வீட்டார் பெயரை மாற்றிப் போட்டுவிட்டு, இரு வீட்டாரையும் சிரிக்கவைத்து அனுப்பக்கூடியவன். அவன் வந்து கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து 'சென்சார்ஸ்' என்று ஒரு சொல்லைத் தட்டினான். கடகடவென்று ஒரு பக்கம் நிறைய எண்கள் வந்து விழுந்தன. ஓர் இடத்தில் உஷ்ணம் 127 டிகிரி. தண்ணீரே 100 டிகிரியில் கொதித்துவிடுகிறது. என் பெட்டிக்குள் 127! பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். மூன்று விசிறிக் கணக்கு இருந்தது. அதில் இரண்டு பூஜ்யம். மின்னழுத்தக் கணக்கு வரிக்கு வரி 'அலாரம்', 'அலாரம்' என்று அலறியது.

பையன் சிரித்தான். "இதெல்லாம் இப்படித்தான் சார் காட்டும். லினக்ஸ்ல சென்சார் சொல்றதெல்லாம் பொய். கண்டுக்காதீங்க. எஸ்.எம்.பி.எஸ். வீக்கா இருக்கும், மாத்திப் பாக்கலாம்."

எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. ஒரு சாட்சி ஒரு பொய் சொல்லிவிட்டான் என்பதற்காக அவன் வாக்குமூலம் முழுவதையும் கிழித்துப் போடலாமா? பொய்யிலும் ஒரு காரணம் இருக்குமல்லவா? கதை எழுதுகிறவனுக்கு உண்மையைக் காட்டிலும் பொய்யின் காரணத்தில்தான் ருசி அதிகம். "தம்பி, 127 என்று ஏன் சொல்ல வேண்டும்? 126 என்றோ 140 என்றோ ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனால் அந்தக் கேள்வி அவனையும் பிடித்துக்கொண்டது. இரண்டு பேருமாகத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டு என்று ஒரு பெரிய பலகை இருக்கிறது. அதில் காவல்காரன் மாதிரி ஒரு சிறிய சிப். உஷ்ணம் என்ன, விசிறி நிமிஷத்துக்கு எத்தனை சுற்று, மின்சாரம் எத்தனை வோல்ட் என்று பார்த்துக்கொண்டே இருப்பது அதன் உத்தியோகம். அதனிடம் கேட்டுச் சொல்லும் லினக்ஸ் மென்பொருளுக்கு எல்.எம். சென்சார்ஸ் என்று பெயர். அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் கம்பெனி செய்த எல்.எம். 75, எல்.எம். 78 என்ற பழைய சிப்புகளால் வந்த பெயர் அது. 1990-களின் கடைசியில் சில தொண்டர்கள் ஆரம்பித்த வேலை. இன்று அந்த மாதிரி சிப்புகளை நுவோட்டன், ஐ.டி.இ. போன்ற தைவான் கம்பெனிகள் செய்கின்றன. என் பெட்டியில் இருப்பது நுவோட்டன்.

இந்தக் காவல்காரச் சிப்புக்குப் பல கால்கள். எந்தக் காலில் எதைக் கட்டுவது என்பது பலகை செய்கிறவர்கள் இஷ்டம். ஒருவர் மூன்று உஷ்ணமானி வைப்பார். இன்னொருவர் சிக்கனம் பார்த்து ஒன்றோடு நிறுத்திவிடுவார். எதை எங்கே கட்டினோம் என்ற படத்தை அவர்கள் பெரும்பாலும் வெளியே காட்டுவதும் இல்லை. லினக்ஸோ, கட்டிய கால், கட்டாத கால் எல்லாவற்றையும் விசாரித்து வந்து ஒப்பிக்கிறது. ஆள் குடியில்லாத வீட்டின் கதவையும் தட்டி, "பதில் இல்லை" என்பதையும் ஒரு பதிலாக எழுதிக்கொண்டு வரும் ஜனத்தொகைக் கணக்கர் மாதிரி.

அந்த 'பதில் இல்லை'தான் 127. சிப் உஷ்ணத்தை எட்டு விளக்குகளை வைத்து எழுதுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எரியலாம், அணைந்திருக்கலாம். அதில் ஒரு விளக்கு, குளிரா சூடா என்ற அடையாளத்துக்குப் போய்விடுகிறது. மிச்சத்தில் எழுதக்கூடிய ஆகப் பெரிய எண் 127. அந்தப் பக்கம் ஆகச் சிறியது கழித்தல் 128. ஒன்றும் கட்டாத கால், சிப்பின் சுபாவப்படி, இந்தக் கோடிக்கோ அந்தக் கோடிக்கோ போய் நின்றுவிடுகிறது. சில வீடுகளில் 127 என்று பயமுறுத்தும். சில வீடுகளில், கத்திரி வெயிலில், கழித்தல் 128 என்று பனி பெய்யும். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: இங்கே யாரும் இல்லை.

மின்னழுத்தத்தின் கதை இன்னும் வேடிக்கை. பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டிய வரியில் ஒரு வோல்ட் என்று இருந்தது. நிஜமாகவே ஒரு வோல்ட்தான் என்றால் இந்தத் திரையே எங்களுக்குத் தெரிந்திருக்காது. காரணம் இதுதான்: சிப்பால் பன்னிரண்டு வோல்ட்டை நேரே அளக்க முடியாது, அதன் வாய் சிறியது. ஆகவே பலகை செய்கிறவர் நடுவே இரண்டு மின்தடைகளைப் போட்டு, அதைப் பங்கு பிரித்து, சிறு கவளமாக ஊட்டுகிறார். எத்தனை பங்கு என்று நாம் சொல்லிக் கொடுத்தால் லினக்ஸ் பெருக்கிச் சொல்லும். சொல்லிக் கொடுக்காவிட்டால் கவளத்தையே சாப்பாடு என்கிறது. எங்கள் பலகைக்குப் பன்னிரண்டு பங்கு. பெருக்கினோம், கணக்கு நேராயிற்று. அலாரத்துக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். 'குறைந்த அளவு 0, அதிக அளவு 0' என்று வரம்பு இருந்தது. யாரும் நிர்ணயிக்காத வரம்பு. பூஜ்யத்துக்கு மேல் போனால் கூவு என்று சொன்னால் அது கூவாமல் என்ன செய்யும்?

பொய் என்று பையன் ஒதுக்கிய எண்களில் அநேகம் பொய்யே அல்ல என்று இதற்குள் தெரிந்துவிட்டது. அவை மொழிபெயர்க்கப்படாத உண்மைகள்.

வேண்டுமென்றே ஏறுமாறாகச் சொன்ன யந்திரமும் உண்டு. 2017-ல் ஏ.எம்.டி. கம்பெனி ரைஸன் என்ற பிராஸஸர்களை வெளியிட்டபோது, அதில் 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகிய சிலவற்றில், உள்ளதைவிட 20 டிகிரி கூட்டியே சொல்லும்படி செய்திருந்தார்கள். எல்லா மாடல்களிலும் விசிறி ஒரே ஒழுங்கில் ஓட வேண்டும் என்பதற்காகவாம். வாங்கியவர்கள் பதறிய பிறகு கம்பெனியே விளக்கம் சொன்னது. கேட்கிற கேள்வியே ஆபத்தாகிப்போன சம்பவமும் இருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் பழைய திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில், "எந்த எந்தச் சிப் இருக்கிறது?" என்று இந்த மென்பொருள் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனபோது, ஒரு நினைவுச் சிப் அந்தத் தட்டலைத் தப்பாகப் புரிந்துகொண்டு, தன்னிடம் எழுதியிருந்ததைக் குழப்பிக்கொண்டது. அதன் பிறகு அந்த மடிக்கணினி எழுந்திருக்கவே இல்லை. இன்றைக்கும் அந்தப் பரிசோதனை ஒவ்வொரு படியிலும் "தட்டலாமா?" என்று உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்கிறது. பையன் படிக்காமலே 'ஆமாம், ஆமாம்' என்று தட்டிக்கொண்டு போவான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டச் சொன்னேன். "சார், பத்திரத்துல கையெழுத்துப் போடற மாதிரி பண்றீங்களே!" என்றான்.

இவ்வளவு படித்தும் கம்ப்யூட்டர் மத்தியானம் அணைவது நிற்கவில்லை. பையனுக்குக் கடை இருக்கிறது; போய்விட்டான். போகுமுன், "எல்லாத்துக்கும் இக்னோர் போட்டு வச்சிடறேன் சார், தொந்தரவு இருக்காது" என்றான். வேண்டாம் என்றேன்.

ஏன் வேண்டாம் என்றேன் என்பதற்கு எங்கள் ஊர்க் காரணம் ஒன்று உண்டு. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் போனார்கள். அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யார்? என் வீட்டில் நடப்பதை மட்டும் சொல்கிறேன். அன்றிலிருந்து, செல்போனில் 'இடியுடன் மழை பெய்யக்கூடும்' என்று குறுஞ்செய்தி வந்தால் என் மனைவி அதை வாய்விட்டுப் படிக்காமல் நகர்வதில்லை. பல தடவை ஒரு தூறல்கூட விழாது. மாடியில் காயும் வடகத்தை எடுத்துவிட்டு மறுபடி கொண்டுபோய்ப் பரப்புவாள். சலித்துக்கொள்வாள். ஆனாலும் அடுத்த செய்தியைப் படிப்பாள்.

நான் என் தொழில்முறையில் இறங்கினேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், காலை ஐந்து மணி, மத்தியானம் இரண்டு மணி, ராத்திரி பத்து மணி என்று மூன்று வேளையும் அந்த எண்களை அப்படியே எழுதினேன். ஒரு பாத்திரம் யோக்கியனா அயோக்கியனா என்பது அவன் ஒரு தடவை பேசியதில் தெரியாது. வேளைக்கு வேளை என்ன பேசுகிறான் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்று நாளில் ஒன்பது தாள். 127 என்று சொன்ன ஆசாமி விடியற்காலையிலும் 127, உச்சிவெயிலிலும் 127. திருவண்ணாமலையில் இருந்துகொண்டு வெயிலுக்கு அசையாதவன் உஷ்ணமானியாக இருக்க முடியாது. அவனைத் தள்ளினேன். இன்னொரு வரி 38, 47, 43 என்று ஊரோடு ஒத்து ஏறி இறங்கியது, அது நிஜம். பிராஸஸர் தன் உள்ளேயே ஓர் உஷ்ணமானி வைத்திருக்கிறது. இன்டெல் பிராஸஸர் உஷ்ணத்தை நேரே சொல்லாது. 'வரம்பைத் தொட இன்னும் இத்தனை டிகிரி பாக்கி' என்றுதான் சொல்லும். லினக்ஸ்தான் கழித்துச் சொல்கிறது. அந்த வரி காலையில் 68, மத்தியானம் 93. வரம்பு 100 என்று இருந்ததால், 93-லும் அதன் பக்கத்தில் அலாரம் என்ற வார்த்தை இல்லை. கத்தின வரிகளுக்கெல்லாம் நோயே இல்லை. நோயாளி பாவம், பேசாமல் படுத்துக்கிடந்தான்.

பிறகு விசிறிகள். முதல் விசிறி: பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஒன்பது தாளிலும் பூஜ்யம். இரண்டாவது, ஆயிரத்து நூறை ஒட்டிக் கொஞ்சம் கூடக் குறைய. மூன்றாவது விசிறியில் கண் நின்றுவிட்டது. முதல் நாள் காலை 640; மத்தியானம் பூஜ்யம்; ராத்திரி 410. மறுநாள் காலை 580, மத்தியானம் பூஜ்யம், ராத்திரியும் பூஜ்யம். பையன் பார்த்தது மத்தியான வேளை. அவன் கண்ணுக்கு இரண்டு பூஜ்யமும் ஒன்றாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். ஒன்று, வீட்டில் ஆளே இல்லை என்ற பூஜ்யம். மற்றது, வீட்டுக்குள் ஆள் மயக்கமாய் விழுந்து கிடக்கிறான் என்ற பூஜ்யம்.

ராத்திரி கடை கட்டும் நேரத்தில் தாள்களைக் கொண்டுபோய்ப் பையனிடம் காட்டினேன். அவன் பேசவில்லை. தாளை மேலும் கீழுமாக இரண்டு தடவை பார்த்தான். ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, திருப்புளியோடு என் கூடவே வந்துவிட்டான்.

மின்சார வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். பிராஸஸரின் தலையில் உட்கார்ந்திருக்கும் விசிறியின் வயர், அதற்கென்று பெயர் எழுதிய முனையில் இல்லை. அந்த முனையில் ஒரு கம்பி ஒடிந்திருந்தது. முன்பு வைத்திருந்தவர்கள், வயரைத் தள்ளியிருந்த இன்னொரு முனையில், பெட்டி விசிறிக்கான இடத்தில், செருகிவிட்டிருந்தார்கள். அதுதான் நம்முடைய மூன்றாம் நம்பர். இதில் ஒரு குற்றமும் இல்லை. ஏழைக்கு ஏற்ற யுக்தி. ஆனால் அப்படிச் செருகியதும், கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவை கண் விழிக்கும்போதும் "பிராஸஸர் விசிறியைக் காணோம்" என்று பயாஸ் புகார் செய்திருக்கும் அல்லவா? அந்தப் புகாரையும் அமைப்புக்குள் போய் 'கவனிக்காதே' என்று மாற்றி வைத்திருந்தார்கள். தூங்குகிறவர் எரிச்சலில் காவல்காரன் வாயில் துணியை அடைத்தது போல. அதன் பிறகு விசிறி நிஜமாகவே நின்றபோது சொல்வதற்கு ஆள் இல்லை.

பையன் விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தான். மாவு அரைக்கிற கல் மாதிரி கனமாகத் திரும்பி நின்றது. தூசி நமத்துத் திரியாகிக் கிடந்தது. அடியில் பூசியிருந்த பசை காய்ந்து விபூதியாகியிருந்தது. கம்ப்யூட்டரின் நாட்குறிப்பை அப்புறம் புரட்டினால், உஷ்ணம் மிஞ்சியதால் வேகத்தைக் குறைத்ததாக வரிவரியாக எழுதி வைத்திருக்கிறது, பாவம். தன்னால் ஆனமட்டும் மெதுவாக நடந்து பார்த்திருக்கிறது, முடியாதபோது படுத்துவிட்டது.

புது விசிறி தேரடித் தெருவில் நானூறு ரூபாய்க்குள் கிடைத்தது. பசை தடவி மாட்டினோம். மறுநாள் மத்தியானம், அதே கத்திரியில், பிராஸஸர் 61 டிகிரி. மூன்றாம் நம்பர் இரண்டாயிரத்துக்கு மேல் சுற்றியது. கதாநாயகி ஒரு வழியாக ரயிலேறினாள்.

அன்று சாயங்காலம் பையனும் நானும் உட்கார்ந்து, சென்சார்களுக்கான அமைப்புக் கோப்பில் சில வரிகள் எழுதினோம். 127 ஆசாமிக்கு மட்டும் 'இக்னோர்'. ஒடிந்த முனைக்கும் 'இக்னோர்'. மூன்றாம் விசிறிக்குப் பிராஸஸர் விசிறி என்று பெயர். பன்னிரண்டு வோல்ட்டுக்குப் பெருக்கல் வாய்பாடு. வரம்புகளையெல்லாம் பூஜ்யத்திலிருந்து மாற்றி, நியாயமான எண்களாகப் போட்டோம். 'சென்சார்ஸ்' என்று தட்டினால் இப்போது பதினொரு வரிதான் வருகிறது. ஒன்றிலும் அலாரம் இல்லை.

பையன் திரையைப் பார்த்தபடியே, "கடையில மூணு பெட்டி வச்சிருக்கேன் சார். மூணுலயும் மொத்தமா இக்னோர்தான் போட்டிருக்கேன்" என்றான். முகூர்த்த சீசன், அத்தனை பேருடைய பத்திரிகையும் அந்த மூன்று பெட்டிக்குள்தான் இருக்கிறது. காலண்டர்த் தாள் நாலைந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

அந்தப் பதினொரு வரியில் ஒன்று மட்டும் பாக்கி. அது காலையில் 31, மத்தியானம் 36 என்று அசைகிறது, ஆகவே நிஜம். ஆனால் பலகையில் எந்த மூலையில் உட்கார்ந்துகொண்டு எதன் உஷ்ணத்தைச் சொல்கிறது என்று எங்கள் இருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பையன் ஒரு யோசனை சொன்னான்: பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூலையாக விரலை வைத்து, எங்கே தொட்டால் அந்த எண் ஏறுகிறது என்று பார்ப்பது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை அந்த வரிக்குப் பெயர் வைக்கவில்லை.